செயின் இல்லாத வண்டிக்கு ஆயுத பூஜை

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மாட்டுங்காவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் வைக்கப்போகிறேன் என்று என் கணவர் சொன்ன அன்று நான் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் பேசினேன். அதைக் கேட்ட பிறகு, நான் பேசாமல் இருந்ததே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில் டிராம் நின்றுபோன புதிது. இவர் கோட்டைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்துவந்தார். முதல் தேதி சம்பளம், தீபாவளிக்கு போனஸ், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. வேறென்ன வேண்டும் மனுஷனுக்கு? "தினம் லோக்கல் ரெயில்ல தொங்கிண்டு போய், ஒரே மாதிரி கடுதாசிக்கு ஒரே மாதிரி பதில் எழுதிண்டிருக்க என்னால முடியலை" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் குடியிருக்கிற மாட்டுங்கா முழுக்க அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறது! அவர்களுக்கெல்லாம் முடிகிறது, இவருக்கு மட்டும் முடியவில்லையாம். இரண்டு பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன துணிச்சல் இது என்று கேட்டேன். அந்த மனுஷர் பதில் சொல்லாமலே தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிற ரகம்.

பழைய கார் ஒன்றை வாங்கினார். பம்பாயில் டாக்சியாக ஓடுமே, அதே சின்ன வகை. நீல நிறம். இடது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரும் மிதிக்கிற மாதிரி இன்னொரு பிரேக் வைத்துக்கொண்டார். மேலே ஒரு பலகை. அவ்வளவுதான், பள்ளிக்கூடம் தயார். ஒரே வாத்தியார், ஒரே வண்டி. காலையில் சயானைத் தாண்டி செம்பூர் ரோட்டுக்குக் கூட்டிப்போவார். அந்த நாளில் அந்த ரோடு காலியாகக் கிடக்கும். எருமையைத் தவிர இடிப்பதற்கு எதுவும் கிடையாது.

ஒரு வருஷம் ஆகியும் பள்ளிக்கூடம் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சமயத்தில் பழைய மேனேஜர் ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, தசரா வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று. நல்ல மனுஷர். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

இவர், "சரி, கேட்டுக்கோ. விஜயதசமிக்கு வரேன்னு சொன்னவா வந்து சேர்ந்தா பள்ளிக்கூடம். வரலைன்னா மறுநாளே ஆபீஸ். அதுக்கு மேலே உன்னைப் படுத்தலை" என்றார்.

விஜயதசமி கணக்கு எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். மாட்டுங்காவில் எதை ஆரம்பிப்பதானாலும் அன்றைக்குத்தான். பாட்டு, வீணை, ஹிந்தி, டைப்ரைட்டிங், குழந்தைக்கு அரிச்சுவடி, எல்லாம். கார் ஓட்டுவதற்கு மட்டும் தனிப் பஞ்சாங்கமா? ஏழெட்டுப் பேர் இவரிடம் பெயர் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல, "விஜயதசமி காலம்பற வந்து ஸ்டீரிங்கைத் தொட்டுடறேன் ஸார்" என்றார்கள். அன்றைக்கு வண்டி கிளம்பாவிட்டால் யாராவது இரண்டாம் நாள் வருவானா? ஆரம்பமே சரியில்லை என்று நேரே தாதருக்குப் போய்விடுவான். அங்கே மூன்று வண்டி வைத்து ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்றால், நேரே சுவாமி அலமாரி முன்னால் போய் நின்று, "தாயே, இவரை எப்படியாவது ஆபீஸுக்கு அனுப்பிவிடு" என்று வேண்டிக்கொண்டேன். நவராத்திரி ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் அதேதான். ஒளிவுமறைவு என்ன இருக்கிறது?

நவராத்திரி பாதியில் வண்டியிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கல் பொறுக்காத அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்தால் வருமே, அந்த மாதிரி. இவர் பானட்டைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டைமிங் செயின் தொங்கிப்போச்சு. பல்சக்கரமும் தேஞ்சிருக்கும். எல்லாத்தையும் மாத்தணும்" என்றார். ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, தசரா கழிந்துதான் கையில் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே ஓட்டினால் என்ன என்றேன். நடு ரோட்டில் செயின் அறுந்தால் இஞ்சினே போய்விடும் என்றார். ரிப்பேர் புஸ்தகம் ஒன்று வைத்திருந்தார். "எல்லாம் இதிலே போட்டிருக்கு. நானே ஆத்துல வெச்சு மாத்திடறேன்."

சமையல் புஸ்தகத்தைப் பார்த்து ஜாங்கிரி பிழிகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஜாங்கிரி கெட்டால் எனக்கு நல்லதுதானே!

அஷ்டமியன்று மத்தியானம், கட்டடத்துக் காம்பவுண்டில் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். ரேடியேட்டரைக் கழற்றினார். முன்பக்கத்துப் பெரிய நட்டோடு மல்லுக்கட்டி, விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, அதையும் கழற்றினார். இஞ்சின் கையால் சுற்ற லேசாக இருக்கவேண்டும் என்று நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து ஒரு டம்ளரில் போட்டார். என் டம்ளர்! காப்பி கொண்டு போனபோது முன்மூடி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பல்சக்கரம், அவற்றைச் சுற்றித் தளர்ந்துபோன செயின்.

"இங்கே பாரு" என்று அவராகவே சொன்னார். "கீழே இருக்கிற தண்டு பிஸ்டனை ஏத்தி இறக்கும். மேல் தண்டு வால்வைத் திறந்து மூடும். செயின்தான் ரெண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கு. செயினை எடுத்தப்புறம் ஒண்ணு மட்டும் சுத்தித்துன்னா, பிஸ்டன் மேலே வரச்சே வால்வு திறந்திருக்கும். ரெண்டும் முட்டிக்கும்."

"முட்டிண்டா?"

"வால்வு வளைஞ்சுடும். அப்புறம் இஞ்சின் தலையையே பிரிக்கணும். பத்து நாள் ஆகும்."

இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி இருந்தது. இரண்டு புள்ளியையும் நேருக்கு நேர் வைத்து நிறுத்தியிருந்தார். அதை அசைக்காமல் பழைய செயினை எடுத்தார். புதிதைப் போடப்போகும்போதுதான், செயினை இறுக்கிப் பிடிக்கும் சாமானைக் கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று லோக்கல் பிடித்து ஆப்பெரா ஹவுஸ் பக்கம் ஓடினார்.

அவர் திரும்பி வருவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. நான் ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், சுத்தி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து, துடைத்து, பொட்டு வைத்து, புஸ்தகங்களோடு சேர்த்துப் பூஜையில் வைத்துவிட்டேன். என் பிறந்த வீடு பாலக்காடு. எங்கள் வீட்டில் அஷ்டமி சாயங்காலமே பூஜை வைத்துவிடுவோம். அப்புறம் தசமி காலையில்தான் எடுக்கலாம். நடுவில் புஸ்தகத்தைத் தொடக்கூடாது, ஆயுதத்தைத் தொடக்கூடாது.

வந்து பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எங்காத்துல நவமிக்குத்தாண்டி வெப்போம்! இன்னும் ஒரு மணி நேரம் இருந்தா முடிச்சிருப்பேன்!"

"அது தஞ்சாவூர்லே. இங்கே நான்தானே விளக்கேத்தறேன்?"

இப்போதும் சொல்கிறேன், அதில் என் தப்பு எதுவும் இல்லை. பூஜை வைக்கிற வேளை தெரிந்தவர் காலையிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். இவரும் சண்டை போடவில்லை. தசமியன்று விடிவதற்கு முன்னால் எழுந்தால் பாடம் ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். வண்டி மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி, கட்டடத்தில் எல்லாரிடமும், "பானட்டை மட்டும் யாரும் தொடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நவமியன்று காலையில் பூஜை திவ்யமாக நடந்தது. என் வேண்டுதலையும் மறக்காமல் சொன்னேன். குழந்தைகள் செம்பூரில் என் அக்கா வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தார்கள். இவர் இலை வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம்! தள்ளு! ஆங், தள்ளு!" என்று சத்தம். அப்புறம் படீரென்று தேங்காய் உடைகிற சத்தம். யார் வீட்டிலோ பூஜை என்று நினைத்துக்கொண்டு கடுகைப் போட்டேன்.

மாடி வராந்தாவுக்கு வந்து எட்டிப்பார்த்தால், எங்கள் வண்டிக்குத்தான் பூஜை! பெரிய செவ்வந்தி மாலை, கண்ணாடியில் சந்தனம், கற்பூரத் தட்டோடு கீழ் வீட்டு மாமா. அவர் ரெயில்வேயில் இருந்து ரிடையரானவர். கட்டடத்தில் எந்த நல்ல காரியமும் தன்னைக் கேட்காமல் நடக்கக்கூடாது என்று இருப்பவர். பக்கத்தில், தாராவியில் தகரப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். என் கணவரிடம் அப்போது ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார், டாக்சி ஓட்டவேண்டும் என்று ஆசை. மாலை அவர் வாங்கி வந்தது. எலுமிச்சம்பழமும் அவர் வாங்கி வந்ததுதான். பட்டறை ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிவந்திருந்தார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அதன் மேல் வண்டியை ஏற்றினால்தானே ஆயுத பூஜை முடிந்ததாக அர்த்தம்? வண்டியின் இஞ்சின் பிரிந்து கிடந்தால் என்ன, தள்ளுவதற்கு ஆள் இருக்கிறதே! தள்ளிவிட்டார்கள். நாலு பழமும் நசுங்கிக் கிடந்தன.

எனக்குக்கூட அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன நல்ல மனுஷர்கள் என்று நினைத்தேன்.

அப்போது இவர் இலைக்கட்டோடு காம்பவுண்டுக்குள் நுழைந்தார். பழத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். இலைக்கட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன்.

"யார் தள்ளினது?"

"நாங்கதான் சார்வாள்" என்றார் பட்டறைக்காரர், முகம் நிறையச் சிரிப்போடு. "பானட்டுல ஒரு விரலு வைக்கல்ல, பாத்துக்கிடுங்க. பின்னால நின்னுதான் தள்ளுனோம்."

"நான் பக்கத்துலயே நின்னு பாத்துண்டேன்" என்றார் மாமா. "பானட் பக்கம் ஒருத்தனை விடலை."

இவர் கதவைத் திறந்து கியரைத் தொட்டுப் பார்த்தார். அந்த வண்டியில் கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் எப்போதும் கியரைப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் வைத்துத்தான் நிறுத்துவார். பழக்க தோஷம், புள்ளிகளைச் சேர்த்து நிறுத்தியதும் வழக்கம்போல டாப் கியரைப் போட்டுவிட்டிருந்தார். பிளக்கெல்லாம் என் டம்ளரில் இருந்ததால் தள்ளும்போது தடை தெரியவில்லை. சக்கரம் சுற்றினால் கீழ்த் தண்டும் கூடவே சுற்றும். மேல் தண்டைக் கட்டி இழுக்கச் செயின் இல்லை. அவர் முந்தின நாள் எனக்கு எதைச் சொன்னாரோ அது அப்படியே நடந்திருக்கிறது.

"தள்ளும்போது எங்கேயாவது நின்னுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு எடத்துல நின்னுச்சு சார்வாள். மூணு பேரும் தம் புடிச்சு ஒரு நெட்டு நெட்டுனோம். பொறவு போயிட்டு."

இவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பட்டறைக்காரருக்கு விஷயம் புரிந்தபோது, "ஐயையோ, நல்லதுன்னு நெனச்சில்லா செஞ்சோம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பாவம், அவரைப் பார்க்கவே முடியவில்லை. மாமா கற்பூரத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நான் கேட்டது நடந்துவிட்டது. ஒன்பது நாளாக முட்டி முட்டிக் கேட்டேனே, கொடுத்துவிட்டாள். இப்படியா கொடுப்பாள்?

மாடிக்கு வந்து அவருக்குச் சுண்டலும் மோரும் வைத்தேன். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பச் சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்: "நாளன்னிக்கு ஆபீஸ். அந்த வெள்ளைப் பேண்ட்டை எடுத்து வை. கசங்கியிருக்கும், இஸ்திரி போடணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என்னைக் குத்திக்காட்டியிருந்தாலும் சரி. அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. காலையில் எட்டு மணி லோக்கலுக்கு ஓடுகிற நாளிலெல்லாம் இவருக்கு அந்தக் குரல்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டி வாங்கின பிறகு அது எப்போது மாறியது என்று நான் கவனிக்கவே இல்லை. இந்த ஒரு வருஷமாக மனுஷர் சாப்பிடும்போது பேசுகிறார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்த டாக்டர் கதையைச் சொல்லிக் குழந்தைகளைச் சிரிக்கவைக்கிறார். அதையெல்லாம் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பேண்ட் எடுக்க உள்ளே போனேன். டிரங்குப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் பூஜை. ஸ்பானர்கள் பொட்டு வைத்துக்கொண்டு புஸ்தகத்துக்கு மேல் வரிசையாகப் படுத்திருந்தன. நான் டிரங்குப் பெட்டியைத் திறக்கவில்லை. ஸ்பானர்களை எல்லாம் முந்தானையில் வாரிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அவர் முன்னால் தரையில் கொட்டினேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"எழுந்திருங்கோ. வளைஞ்சிருக்கா இல்லையான்னு பாருங்கோ."

அவர் ஸ்பானரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "இன்னிக்கு நவமி. எடுக்கக்கூடாதேடி."

"எடுத்தது நான். பாவம் வந்தா எனக்கு வரட்டும். உங்களை யாரு கேட்டா? எழுந்திருங்கோன்னா!"

"வளைஞ்சிருந்தா?"

"வளைஞ்சிருந்தா அப்புறம் பேண்ட்டைத் தேடறேன். பாக்காமலேயே எதுக்கு இஸ்திரி?"

பயம்தான் அவருக்கு. தசமி வரைக்கும் தெரியாமல் இருந்தால் தேவலை என்று இருந்திருக்கிறார். நான் விடுவேனா?

கீழே பட்டறைக்காரரும் ஆட்களும் போகாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இவர் வண்டியைச் சுற்றிவந்து யோசித்தார். கீழ்த் தண்டை இன்னும் முன்னால் சுற்றினால் மறுபடி முட்டலாம். எவ்வளவு முன்னால் சுற்றியதோ அவ்வளவு பின்னால் சுற்றவேண்டும், வந்த வழியே திரும்பவேண்டும் என்றார். சுற்றியது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? நசுங்கின எலுமிச்சம்பழங்கள் தரையில் இருந்தனவே! தள்ளுவதற்கு முன்னால் பழத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு சக்கரமும் நின்றிருந்தது. பழத்துக்குப் பின்னால் வரும்வரை வண்டியை அப்படியே கியரோடு பின்னுக்குத் தள்ளவேண்டும்.

"பூஜை போட்ட வண்டியைப் பின்னாலே தள்ளறதா!" என்று மாமா அலறினார். "அடுக்குமாடா இது? நல்ல நாளும் அதுவுமா!"

"மாமா, நீங்க உள்ளே போய்க் கண்ணை மூடிக்கோங்கோ" என்றேன் நான். அவர் போகவில்லை. கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் முன்பக்கம் வந்து கையை வைத்தார்.

மெள்ள, மெள்ள என்று இவர் குனிந்து பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல, நாங்கள் ஐந்து பேர் தள்ளினோம். ஒரு இடத்தில் வண்டி தயங்கிற்று. பின் சக்கரத்துக்கு அடியில் செங்கல் கிடந்தது. பட்டறைக்காரர் அதைக் காலால் எத்தித் தள்ளினார். "அப்பவும் இதான் தடுத்திருக்குமோ சார்வாள்?" என்று ஆசையாகக் கேட்டார். இவர் பல்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சக்கரங்கள் பழத்தைத் தாண்டி வந்து நின்றன. கீழ்ச் சக்கரத்துப் புள்ளி, மேல் சக்கரத்துப் புள்ளிக்கு நேரே வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புதுச் சக்கரங்கள், புதுச் செயின், மாற்றி வந்த அந்த இறுக்கும் சாமான், மூடி, பெரிய நட்டு. கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். ஸ்பானரில் குங்குமம் ஒட்டியிருந்து அவர் கையெல்லாம் சிவப்பு. காம்பவுண்டில் வெயில் சாய்ந்துவிட்டது. ரேடியேட்டரை மாட்டி, டம்ளரிலிருந்து பிளக்குகளை எடுத்துத் திருகினார்.

"இப்போ ஹாண்டில் போட்டுக் கையாலே சுத்திப் பாக்கணும்" என்றார். "நாலு சிலிண்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை கை கனக்கும். கனக்காம லேசாப் போச்சுன்னா அங்கே வால்வு வளைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, ஹாண்டிலை முன்னால் செருகினார். பிடித்தார். இழுக்காமலே கையை எடுத்துவிட்டார். "நீ பிடி" என்றார். "கீழேயிருந்து மேலே மட்டும் இழு. கட்டைவிரலை மத்த விரல் பக்கமே வெச்சுக்கோ, சுத்திப் பிடிக்காதே."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தேன். இழுத்தேன். கனத்தது! கிணற்றிலிருந்து நிறை குடத்தை இழுக்கிற மாதிரி ஒரு கனம், அப்புறம் விட்டுக்கொடுத்தது. "ஒண்ணு" என்றார் இவர். மறுபடி இழுத்தேன். அதுவும் கனத்தது. "ரெண்டு" என்று பட்டறைக்காரரும் சேர்ந்து சொன்னார்.

மூன்றாவது தடவை இழுத்தேன். கை சும்மா மேலே வந்துவிட்டது. கனமே இல்லை.

யாரும் எண்ணவில்லை. முதல் தேதிச் சம்பளம், மின்விசிறி, போனஸ், எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்ட நிமிஷம் அது. நான் குதித்திருக்க வேண்டும். வேண்டாம், வேண்டாம், இது வேண்டாம் என்றுதான் எனக்குள் கேட்டது. ஹாண்டிலை விடாமல் அப்படியே நின்றேன். இவர் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"கொஞ்சம் இரு" என்றார் இவர். குனிந்து பிளக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவதோ என்னவோ ஒன்றைத் தொட்டதும் கை நின்றது. அது விரலாலேயே சுற்றிற்று. கையால் திருகினதோடு விட்டிருக்கிறார், ஸ்பானர் போட்டு இறுக்க மறந்துபோயிருக்கிறார். இறுக்கினார். "இப்போ இழு."

இழுத்தேன். கனத்தது. மேலே இழுத்தேன். கனத்தது. நிறுத்தாமல் திரும்பத் திரும்ப இழுத்தேன். நாலும் கனத்தன, நாலும், நாலும்! "போதும்டி, போதும்" என்று இவர் என் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. நான் காம்பவுண்டுத் தரையில் பொத்தென்று உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதேன். வெட்கமாவது மண்ணாவது. அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னால் அழுததில்லை.

சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த அரிசி புடைக்கிற சத்தம் இல்லை. பட்டறைக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். மாமா, நல்லவேளை தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டதாக மாடியில் எட்டிப்பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார். இவர் ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை விடிந்ததும் விடியாததுமாகக் கோயிலுக்குப் போனேன். கீழே ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கு தட்சிணையோடு, மீசை வைத்த குழந்தைகள். நான் நின்று எண்ணவில்லை. எனக்கு அவசர வேலை இருந்தது.

சன்னதியில் நல்ல கூட்டம். என் முறை வந்தபோது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சுவாமியிடம் யாராவது சொல்வார்களா? அதற்கு என்ன ஸ்லோகம் இருக்கிறது? நவமியில் ஸ்பானரை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் மனசு வரவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொன்னேன். "தாயே, நான் கேட்டதை மறந்துடு. எனக்குப் புத்தி இல்லை. அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடு."

அப்போது வெளியே தெருவில் ஒரு ஹாரன். நிறுத்தாமல், தேவையே இல்லாமல், கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்துக்கொண்டே ஒரு வண்டி ஊர்ந்து போயிற்று. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள்தான் ஹாரனை அப்படி அடிப்பார்கள். அதற்கு நடுவே, "ஹாரன் வேண்டாம் ஸார், பிரேக்கு, பிரேக்கு!" என்று இவர் கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன சந்தோஷமான கத்தல் அது!

குருக்கள் எனக்கு முன்னால் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.